துத்தநாகத்துக்கு அடியில் உன் கை

இன்று காலை உன் கையைப் பார்த்தேன். உன்னை எரித்துவிட்டு வந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை.

எங்கள் ஊர்க் கோயில் கோபுரத்திலிருந்து இரும்புச் சிலுவையை இறக்கி, நம் ஷெட்டில் இரண்டு டிரம்களின் மேல் கிடத்தியிருந்தார்கள். குறுக்குச் சட்டம் சேருகிற நடு இடத்தில் துத்தநாகப் பூச்சு உப்பிப்போயிருந்தது. உளியால் நெம்பினேன். அவித்த உருளைக்கிழங்கின் தோல்போல் கழன்று வந்தது. அடியில் துரு. பரவலான துரு இல்லை. இரண்டு உள்ளங்கைகள், பத்து விரல்கள். வலது கையின் மோதிர விரல் பாதியோடு நின்றிருந்தது.

கம்ப்ரஸர் பெல்ட்டில் போன அந்தப் பாதி விரலைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவன் நான். எனக்கா அடையாளம் தெரியாது?

திருத்தணியிலிருந்து அரக்கோணம் போகிற ரோட்டில் அந்த ஷெட்டில் பன்னிரண்டு வருஷம் நாம் ஜோடி. நீ ப்ளாஸ்டிங், நான் ஸ்பிரே. காற்றின் வேகத்தில் இரும்புப் பொடியை அடித்து, பழைய துருவையும் கறுப்புத் தோலையும் நீ உரித்துக் கொடுப்பாய். வெளிறிச் சொரசொரவென்று கிடக்கும் இரும்பின்மேல் நான் துத்தநாகத்தை உருக்கிப் பீச்சுவேன். இடையில் யார் கையும் படக் கூடாது. வியர்வை பட்ட இடத்தில் பூச்சு சரியாகப் பிடிக்காது. அன்றைக்குத் தெரியாது, பின்னால் காட்டிக்கொடுக்கும். பட்டுவிட்டால் அந்த இடத்தை மறுபடி ப்ளாஸ்டிங் அடிக்க வேண்டும், அவ்வளவுதான். இதில் உன்னைவிடக் கறார் ஒருவரும் இல்லை. நீ உரித்து வைத்த கம்பத்தில் ஒரு லாரி டிரைவர் சாய்ந்து நின்றதற்கு நீ போட்ட கூச்சல் ரோடு வரைக்கும் கேட்டது.

"பொறந்த கொழந்தய கை கழுவாத தூக்குவியாய்யா நீ? தள்ளி நில்லு!"

நைனா இறந்த வருஷம், அவர் முப்பது வருஷம் மணி அடித்த கோயிலுக்கு அவர் நினைவாக, நடுவில் அவர் பெயரை வெட்டி, சிலுவை செய்து கொடுத்தேன். கிறிஸ்துமஸுக்கு மணவூர்ப் பக்கம் எங்கள் வீட்டுக்கு வந்து, நைனாவுக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டவன் நீ. நீயும் என் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிட்டாய். "இதுக்கு நான்தான் அடிப்பேன். வேற எவனும் கிட்ட வரக்கூடாது" என்று உரிமையோடு சொன்னாய். அன்று மழை மூட்டம். நான் டீ குடித்துவிட்டு வந்தபோது முடித்திருந்தாய்.

"யாரும் தொடலியே?" என்று வழக்கம்போலக் கேட்டேன்.

"ஆங், சுத்தமா கீது. சீக்கிரம் அடி, மழ வந்துகினு கீது."

குனிந்து பார்த்தேன். அந்த மங்கல் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியவில்லை. அடித்தேன்.

இரண்டாவது மழைக்காலத்தில், வெள்ளையடித்த கோபுரத்தில் பழுப்பாக ஒரு கோடு இறங்கியது. அப்பன் பேரில் செய்ததிலேயே ஏமாற்றிவிட்டான் என்று ஊர் பேசியது. ஓடிவந்து உன்னிடம்தான் கேட்டேன். என் கண்ணைப் பார்த்துச் சொன்னாய்: "யாரும் தொடலடா. நீதான் மழ நேரத்துல அடிச்ச. ஈரம் ஏறிட்ருக்கும்."

ஈரம் என்றால் சிலுவை முழுவதும் அல்லவா துரு ஏறியிருக்க வேண்டும்? நடுவில் மட்டும் ஏன் வருகிறது? வேலை தெரிந்த எனக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை. நீ சொன்னால் சரி என்று இருந்தேன். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எழுந்து நின்று, தப்பு என்னுடையது, அவசரப்பட்டுவிட்டேன் என்று சொன்னேன். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் போய்ச் சேரும் வரையில் அதையே நம்பிக்கொண்டிருந்தாள்.

எனக்கே என் கையில் நம்பிக்கை விட்டுப்போயிற்று. ஸ்பிரே கன்னை ஒப்படைத்துவிட்டு அதே ஷெட்டில் லோடு ஏற்றும் வேலைக்குப் போனேன். நீ தடுக்கவில்லை. தோளைத் தட்டினாய். கிருத்திகைக்குக் கிருத்திகை மலையேறிவிட்டு வந்து பிரசாதம் கொடுத்தாய். நானும் வாங்கித் தின்றேனே!

கை பதிந்திருக்கும் விதத்தை இன்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தூக்க வைத்த கை இல்லை, புரட்ட வைத்த கையும் இல்லை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், விரல்கள் மேல்நோக்கி. பஸ் படியில் ஏறினாலும், கம்ப்ரஸரை ஓட விட்டாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவன் நீ. வேலை முடிந்ததும் கையுறையைக் கழற்றிவிட்டு நைனாவின் பெயரைத் தொட்டுக் கும்பிட்டிருக்கிறாய். அதற்கு உன்மேல் எனக்குக் கோபமே இல்லை. பத்து நிமிஷம் மறுபடி அடித்திருந்தால் முடிந்தது. அடிக்கவில்லை. சரி, மழை வருகிறது. ஆனால் நான் வந்து கேட்ட அன்று மழை இல்லையே. நாம் இரண்டு பேர் மட்டும்தானே இருந்தோம். கூட இருந்தே குழி பறித்துவிட்டாய், பாவி. உன் பாடையைச் சுமந்த தோள் இது. இப்போது சண்டை போடக்கூட நீ இல்லை.

பாஸ்டர் வந்து காரணம் தெரிந்ததா என்று கேட்டார்.

"ஈரம் இல்ல ஐயா. கை பட்டுகீது."

"யார் கைப்பா?"

"என் சிநேகிதன் கை" என்றேன். ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று எல்லார் முன்னாலும் சொல்லப்போகிறேன். நீ கும்பிட்டதையும் சொல்வேன், பொய் சொன்னதையும் சொல்வேன். அம்மாவுக்குத்தான் சொல்ல முடியாது.

மதியம் நானே ப்ளாஸ்டிங் அடித்தேன். உன் கைகளைக் கடைசியாக விட்டு வைத்திருந்தேன். கண் மூடித் திறப்பதற்குள் போய்விட்டன. சிலுவை வெறும் இரும்பாக, வெளிறிக் கிடந்தது. கையுறையைக் கழற்றி முகத்தைத் துடைத்தேன். நைனாவின் பெயர் வெட்டியிருந்த இடத்தை நோக்கி என் கை தானாகவே போயிற்று. ஒரு விரற்கடை இருக்கும்போது இழுத்துக்கொண்டேன்.

உனக்கும் அப்படித்தான் போயிருக்கும். உன்னால் இழுத்துக்கொள்ள முடியவில்லை, போகட்டும். வந்து கேட்டேனே, அப்போதாவது "நான்தான்டா தொட்டேன்" என்று சொல்லியிருக்கலாமே. நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன்டா.