மாஸ்க் போட்ட எமன்

கருங்குழி
ஆடி, 2020

அன்பு மகள் ஹரிப்ரியாவுக்கு அம்மா எழுதுவது. உன் நைனா ஒருவர் நீங்கலாக இங்கே எல்லாரும் நலம், மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க ஆண்டவன் துணை. போனில் பேசினால் நீ அழுகிறாய், எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகிறது, அதனால்தான் எழுதுகிறேன். பக்கத்து வீட்டுப் பூங்கொடி இதைப் படம் எடுத்து ஒரு வீடியோவோடு சேர்த்து அனுப்புவாள்.

நைனா கருமாதிக்கு நம் வழக்கப்படி, எமன் வந்து செத்தவரைக் கூட்டிப்போகிற கூத்து வைக்கணும், ஆனால் கூட்டம் கூடக் கூடாது என்று போலீஸ்காரர் சொல்லிவிட்டுப் போனார், கூத்துக்காரர்களும் அவர்கள் ஊரைவிட்டு நகர முடியவில்லை. கூத்து இல்லாமல் அனுப்பினால் அந்த மனுஷன் என்னைச் சும்மா விடமாட்டார். அதனால் மாட்டுக் கொட்டகை எதிரில் நாங்களே சின்னதாகப் போட்டோம், மொத்தமே மூன்று பேர். எமன் நான்தான், வேறு ஆள் இல்லை, மாஸ்க்கின் மேல் கண்மையால் மீசை வரைந்துகொண்டேன். செத்தவர் வேஷம் உன் ரமேஷ் சித்தப்பாவுக்கு, மாமல்லபுரத்தில் சிலைப் பட்டறை பூட்டிக் கிடப்பதால் சும்மாதான் இருக்கிறார். நைனா சிறுசேரிக்கு வேன் ஓட்டும்போது போடும் காக்கிச் சட்டையைக் கொடுத்தேன், வயிற்றில் பிடித்தது, பொத்தான் போட வேண்டாம் என்றேன். பூங்கொடி போனைப் பிடித்தபடியே சித்திரகுப்தனாக, 'இ-பாஸ் வாங்கி கீறியா' என்று கேட்டாள். சித்தப்பா, 'அப்ளை பண்ணேன், ரிஜெக்ட் ஆயிட்ச்சி, ஆனா இவங்களே இட்டுகினு வந்துட்டாங்க' என்றார். எருமை நிஜம், பூங்கொடி வீட்டுடையது, நடுவில் வந்து சித்தப்பா கழுத்து மாலையைத் தின்றுவிட்டது. அதை வீடியோவில் வெட்டத் தெரியவில்லை, பொறுத்துக்கொள்.

கடைசிக் கட்டம் உனக்கு ஞாபகம் இருக்கும், தாத்தா கருமாதியில் நைனா எழுந்து சொன்னாரே. எமன், 'இவர அனுப்பி வெக்க யாரு கீறீங்க' என்று கேட்பான், பெற்ற பிள்ளை எழுந்து, 'நல்லபடியா போ நைனா' என்று சொன்னால்தான் கூட்டிப்போவான். சித்தப்பா, 'நானே சொல்லிட்றேன் அண்ணி' என்றார். செத்தவரே தன்னை எப்படி அனுப்பிக்கொள்வார், அதுவும் பெற்ற பெண் நீ இருக்கும்போது. அதனால் நான் கேட்டுவிட்டுச் சும்மா நின்றேன். அவர் கைகட்டி நின்றார். நான் ஆளைப் பார்க்கவில்லை, சட்டையைத்தான் பார்த்தேன், அழுதுவிட்டேன், மீசை கரைந்து மாஸ்க் முழுக்கக் கறுப்பாகிவிட்டது. எமன் அழுததை மாப்பிள்ளைக்குக் காட்டாதே. பிளேன் விடாதது உன் குற்றம் இல்லையம்மா, இதை நினைத்துப் பட்டினி கிடக்காதே. உன் இடத்தை யாருக்கும் கொடுக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன். எமன் கிளம்பச் சொல்லாமலே வீடியோ முடிகிறது. நீ சொல்லிவிட்டு எனக்குப் போன் பண்ணு, மிச்சத்தை நான் முடித்துக்கொள்கிறேன். 'போ' என்று மட்டும் சொல், பழக்கதோஷத்தில் 'வா' என்று சேர்த்துவிடாதே, அவரை எடுத்த அன்று நானும் அங்கேதான் தடுமாறினேன்.

மாப்பிள்ளைக்கு என் ஆசி, உங்கள் இரண்டு பேருக்கும் ஒரு குறையும் வராது. முதலில் சாப்பிடு, அப்புறம் வீடியோவைப் போடு. ரொம்ப நாள் தள்ளிப்போடாதே, நைனாவுக்கு முழங்கால் வலி என்று உனக்குத் தெரியும், அவரால் நிற்க முடியாது.

எமன் வேஷம் கட்டிய உன் அம்மா
செ. வேண்டா