கட்டைவிரல் போட்டவர்கள்

அன்புள்ள அப்பாவுக்கு, வணக்கம். முழங்கால் வலி தேவலையா?

இங்கே வெள்ளிக்கிழமைதோறும் அவரவர் செய்த வேலையை எழுதி, அலுவலகத்தில் எல்லோருக்கும் அனுப்ப வேண்டும். ஒரு பயலும் படிப்பதில்லை. போன வாரம் காய்ச்சலோடு எழுதியபோது, எரிச்சலில் நடுவே ஒரு வரி நுழைத்தேன்: "தண்ணீர் கொடுக்கக்கூட ஆளில்லாமல் படுத்துக் கிடக்கிறேன்." அத்தனை பேரும் கட்டைவிரல் படம் போட்டார்கள். மேலாளர், "பிரமாதம், இப்படியே கன்டினியூ பண்ணுங்க" என்று வேறு பதில் போட்டார். மண்ணாங்கட்டி!

காய்ச்சல் விட்டுவிட்டது, பயப்படாதீர்கள். அம்மாவின் பழைய போர்வை ஒன்றை அனுப்பிவையுங்கள்.

ஆபீஸ் வண்டிக்காரன் ஹாரன் அடிக்கிறான். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: என் போன கடிதம் கிடைத்ததும் நீங்களும் கைபேசியில் கட்டைவிரல்தான் அனுப்பினீர்கள். இதற்கு நாலு வரி திட்டியாவது எழுதுங்கள்.

உங்கள் மகன்