மூழ்காத பூச்சி

பாப்பாவின் அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். தூண்டில் முள்ளில் பொய்ப்பூச்சி கட்டும் வேலைக்கு நானும் எதிர்வீட்டு ஹெப்சிபாவும் போகிறோம். கம்பளியைப் பிய்த்து, மெழுகு தடவிய நூலில் திரித்து, முள்ளில் சுற்ற வேண்டும். கம்பளிக்கு மீன் வாயைத் திறக்குமா என்று காசிமேட்டில் சிரிக்கிறார்கள். வெளிநாட்டு மீன் திறக்குமாம்.

நேற்று பழுப்புக் கம்பளி தீர்ந்துவிட்டது. மூழ்க வேண்டிய பூச்சி, கடையில் வாங்கிய செயற்கை நூலில் கட்டியதும் டம்ளர் தண்ணீரில் மிதந்தது.

"முங்கவே மாட்டேங்குதுக்கா. கம்பளி கலந்தது வூட்ல எதுனா கீதா?" என்றாள் ஹெப்சிபா.

கப்பலில் குளிருமென்று நான் பின்னி, நீங்கள் எடுக்காமல் போன பழுப்பு ஸ்வெட்டர் இருந்தது. இந்த ஈஸ்டருக்கும் நீங்கள் வரவில்லை. போனையும் எடுப்பதில்லை. ஸ்வெட்டரின் ஒரு கையைப் பிரித்துவிட்டேன். நன்றாக மூழ்குகிறது.

வருவதாக இருந்தால் சொல்லுங்கள். மற்றொரு கையை இன்னும் தொடவில்லை.

பாப்பாவின் அம்மா