கெடு முடிந்த மஞ்சள் பொட்டலம்

அக்கா,

இன்று காலை லேபில் ஒரு சாம்பிள் பொட்டலம் கை தவறி விழுந்து கிழிந்து கொட்டியது. மேஜை, தரை, என் வெள்ளைக் கோட்டு எல்லாம் மஞ்சள். கோட்டில் சோப்பு போட்டதும் கறை சிவப்பாக மாறி இன்னும் பயமுறுத்தியது. அந்தக் காட்டமான வாடை மூக்கில் ஏறியபோது உங்கள் முகம்தான் முன்னால் வந்து நின்றது. ஒரு வருடமாகத் தள்ளிப்போட்டதை இன்று எழுதிவிடுகிறேன்.

மஞ்சளிலிருந்து அதன் சத்தை மட்டும் பிரித்தெடுத்து மாத்திரை செய்பவர்களுக்கு அனுப்புவதுதான் நம் கம்பெனியின் வேலை. தயாராகும் ஒவ்வொரு லாட்டிலிருந்தும் சாம்பிளாக ஒரு பொட்டலம் லேபில் என் அலமாரியில் இருக்கும். கெடு முடிந்தால் எரித்துவிட வேண்டும். எங்கே எரித்தோம்? எல்லாம் நம் டிபன் பைகளில்தான் வீட்டுக்குப் போனது. யாரும் அதைத் திருட்டு என்று நினைத்ததில்லை.

நீங்கள் பேக்கிங்கில் இருந்தீர்கள். பாகலூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும்போதே வீட்டுக்காரரிடம் தெலுங்கில் போன், டிரைவரிடம் கன்னடத்தில் சண்டை, இறங்கியதும் தமிழில் என்னைக் கேலி. "மதுரக்காரிக்குக் கொழம்புல இருக்கற காரம் பத்தல, வாயில வேற சேத்து வெச்சிருக்கா!"

ஒருநாள் சாம்பிள் கொடுக்க வந்தவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டீர்கள். "முட்டி வலி உயிர் போவுது பாப்பா. அந்தப் பொடி நல்லா கேக்குதாமே?" நான்தான் எடுத்துக் கொடுத்தேன். கொடுத்ததோடு நின்றேனா? "மிளகுத்தூள் சேத்துச் சாப்பிடுங்கக்கா, அப்பத்தான் உடம்புல நல்லா ஏறும்" என்று மேதாவித்தனம் வேறு.

வலிக்குக் கேட்டது, அதுதான் கொடுமை. சில வாரங்களில் கம்பியைப் பிடிக்காமல் பஸ் படி ஏறி, பந்தயத்தில் ஜெயித்தவர் போல என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். வீக்கத்தையும் வலியையும் குறைக்கும் குணம் அதற்கு உண்டு, பொய்யில்லை. ஆனால் அதுவே ரத்தம் உறைவதையும் தடுக்கக்கூடும். நீங்களோ இதயத்தில் வால்வு மாற்றிக்கொண்டவர், ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் மாத்திரை போடுபவர். இது எனக்குத் தெரியாததல்ல. மஞ்சள்தானே என்று நீங்களும் நினைத்தீர்கள், அதைப் பரிசோதித்தே சம்பளம் வாங்கும் நானும் நினைத்தேன். ரசத்துக்குப் போடுகிற ஸ்பூனாலேயே அளந்து சாப்பிட்டீர்கள். வீட்டு மஞ்சள்தூளில் அந்தச் சத்து கொஞ்சம்தான் இருக்கும். நம் பொடி ஏறக்குறைய முழுக்க அதுவேதான்.

முழங்கையில் நீலம் பாரித்திருந்ததைப் பார்த்தேன். "டிரம்மு இடிச்சிருச்சு" என்றீர்கள். பல் தேய்க்கும்போது ரத்தம் வருகிறது என்று வேறொரு நாள் சொன்னீர்கள். எனக்கு உறைக்கவில்லை.

அந்த மதியம் தலையைப் பிடித்துக்கொண்டு பேக்கிங் மேஜை மேலேயே வாந்தி எடுத்தீர்கள். கம்பெனி வேனில் உங்களை மடியில் சாய்த்துக்கொண்டு வந்தேன். சிக்னலில் வேன் நின்ற ஒவ்வொரு முறையும் உங்கள் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் உங்கள் மாத்திரைச் சீட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதோட வேற என்ன சாப்பிடறீங்க? நாட்டு மருந்து, பொடி, ஏதாவது?"

நீங்கள் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தீர்கள். பிறகு, "ஒண்ணும் இல்ல சார்" என்றீர்கள்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நீங்க கூட வேலை செய்யறவங்களா? உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

எரிக்க வேண்டிய பொருளை வெளியே கொடுத்தது தெரிந்தால் வேலை போய்விடும். ஊரில் அம்மா என் சம்பளத்தை நம்பித்தான் இருக்கிறாள். "தெரியாது சார்" என்றேன்.

ஸ்கேன் எடுக்க உங்களைத் தள்ளிக்கொண்டு போனார்கள். தலைக்குள் ரத்தம் கசிகிறது என்று நர்ஸ் வந்து சொன்னபோதும் நான் சுவரோடு ஒட்டிக்கொண்டுதான் நின்றேன். உங்கள் வீட்டுக்காரர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தார். "ஏமயிந்தி? என்னாச்சு? காலையில நல்லாத்தானே போனா? நீதாம்மா கூட இருந்த, சொல்லும்மா!" அதற்கு மேல் என்னால் முடியவில்லை. டாக்டரைத் தேடி ஓடி எல்லாவற்றையும் கொட்டினேன். பொடி, மிளகு, ஸ்பூன், எத்தனை வாரம் என்று அத்தனையும். அவர் திட்டவில்லை. "மொதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுதிக்கொண்டார்.

மூன்றாம் நாள் நீங்கள் போய்விட்டீர்கள். பொடிதான் காரணமா என்று டாக்டரிடம் கேட்டேன். அதுவும் இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். முன்பே சொல்லியிருந்தால் பிழைத்திருப்பீர்களா என்றும் கேட்டேன். அதற்கும் அதே பதில்தான். ஆமாம் என்றோ இல்லை என்றோ அவர் சொல்லியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன்.

இப்போது கெடு முடிந்த பொட்டலங்களைப் பக்கத்தில் நின்று நானே எரிக்கிறேன். யார் பொடி கேட்டாலும் தருவதில்லை, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று வேறு துருவுகிறேன். கேன்டீனில் எனக்குப் போலீஸ்காரி என்று பெயர்.

உங்கள் காரியம் முடிந்த மறுநாள் மேனேஜரிடம் நானே போய்ச் சொன்னேன். வேலையை விட்டு எடுக்கவில்லை அக்கா. ஒரு மெமோ கொடுத்தார், கையெழுத்துப் போட்டேன். இந்த ஒரு தாளுக்குப் பயந்துதான் நான் தெரியாது என்றேன். நீங்கள் டாக்டரிடம் "ஒண்ணும் இல்ல" என்றது எனக்காக.