ஓட்டையில்லாத கையுறை

திண்டிவனம்,
ஞாயிறு காலை.

அன்பு மகள் சங்கவிக்கு,

அப்பா மின்னஞ்சலில் எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். ஜெர்மனிக் குளிரில் நீயும் நலமாக இருப்பாய் என நம்புகிறேன். நலமில்லாதவள் ஒலக்கூரில் இருக்கும் உன் சித்தி வேணிதான். போன வாரம் ரேஷன் கடைக் கருவி அவளுடைய பத்து விரல்களில் ஒன்றைக்கூட ஏற்கவில்லை. அவள் வேலைபார்க்கும் தொழிற்சாலையில் உதிரிப்பாகங்களின் எண்ணெய்ப்பிசுக்கை, பெயிண்ட் கரைக்கும் தின்னரால் துடைத்துத் துடைத்து ரேகை தேய்ந்து, தோல் வெடித்திருக்கிறது. கையுறை அணியாதது தன் தவறே என்று நிர்வாகம் எழுதிவைத்த தாளில் நாளைக்குள் கையெழுத்திட வேண்டுமாம். இல்லாவிட்டால் வேலை கிடையாதாம். அவளோ, "தெனமும் போட்டுக்கினுதான் இருந்தேன் மாமா. ஒரு ஜோடி ஒரு வாரம் வரணும்னு சாயங்காலம் கழுவிக் காயப்போடுவோம். காலையில பஞ்சர் கடைல பாக்கறாப்பல ஊதி, பக்கெட் தண்ணில அமுக்கிப் பாத்துட்டுத்தான் மாட்டுவோம். ஒரு குமிழி வராது" என்கிறாள்.

குமிழி வராத கையுறைக்குள் தின்னர் எப்படிப் போனது? கோபம் ஒருபுறம் இருக்க, வேதியியல் படித்த என்னை இந்தக் கேள்வி விடவில்லை. வேணி கொடுத்த புதுக் கையுறை ஒன்றில் தின்னரையும் இன்னொன்றில் தண்ணீரையும் ஊற்றி, ஒரே மாதிரி முடிச்சிட்டுத் தோட்டத்தில் தொங்கவிட்டேன். அரை மணி கழித்து, தண்ணீர்க் கையுறை எடை குறையவில்லை. தின்னர்க் கையுறையோ மூன்று கிராம் இளைத்திருந்தது. வெளிப்புறம் உலர்ந்தே இருந்தது, மூக்கருகே கொண்டுபோனால் நெடி. முடிச்சில் கசிந்திருந்தால் தண்ணீரும் கசிந்திருக்க வேண்டுமே. ஓட்டை வழியாக அல்ல, ரப்பரில் ஊறி, ரப்பரையே கடந்து போகிறது. கழுவிக் காயவைத்தாலும் ஊறியது உள்ளேயே மிச்சமிருக்கும்.

நேற்று இதை மேற்பார்வையாளர் புகழேந்தியிடம் சொன்னேன். அவர் ஒரு கையுறையைப் பலூன்போல ஊதி என் முகத்துக்கு நேரே நீட்டி, "ஓட்டை எங்க சார்? காட்டுங்க, பாப்போம்" என்று சிரித்தார். ஓட்டை இல்லை, அதுதான் என் புகார் என்றேன். சிரிப்பு நின்றது. வேணி கையெழுத்திட மாட்டாள். அவளுடைய வாக்குமூலமும் என் எடைக்குறிப்பும் நாளை விழுப்புரத்தில் தொழிற்சாலை ஆய்வாளர் மேசைக்குப் போகும்.

உன் ஆய்வகக் கையுறைப் பெட்டியில் எந்தத் திரவம் எத்தனை நிமிடத்தில் ஊடுருவும் என்ற அட்டவணை இருக்குமே, அதைப் படமெடுத்து இன்றே அனுப்பு. புகாருடன் இணைக்க வேண்டும். அம்மாவின் ஆசியும் என் ஆசியும் உன்னோடு இருக்கும். மறவாதே: போன மாதம் நீயும் கையுறையைக் கழுவி மறுபடி மாட்டுவதாகச் சொன்னபோது, சிக்கனக்காரி என்று மெச்சினேன். அந்த மெச்சலைத் திரும்பப் பெறுகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
தேவநாதன்