கேட்டால்தான் பிஸ்கட்

பாணேர், பூனா
6.8.2002

என் பார்கவிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் மாப்பிள்ளையும் உன் ரஞ்சுவும் சௌக்கியம். ஹைதராபாத்தில் ஆபீஸ் வேலையில் நீ வேளைக்குச் சாப்பிடுவதில்லையாமே? வா, வைத்துக்கொள்கிறேன்.

ரஞ்சுவுக்குப் பேச்சுப் பழக்க வரும் வைஷாலி டீச்சர் உத்தரவு போட்டிருக்கிறாள். குழந்தை வாய் திறந்து கேட்டால்தான் பிஸ்கட். அழுதால் கிடையாது. மாப்பிள்ளை இளகிப்போய்க் கொடுத்துவிடுகிறார். நான் அஞ்சாவது வரை படித்தவள்தான், ஆனாலும் பிடித்த பிடியை விடவில்லை.

அஞ்சு வருஷமாக ஒரு சொல் பேசாத பெண், நேற்று கையை நீட்டி என்னைப் பார்த்து "டே" என்கிறாள்! பேச்சு வந்ததே என்று உள்ளுக்குள் குளிர்ந்துதான் போனேன். அதற்காக விடமுடியுமா? "பாட்டியையாடி டே போடறே?" என்று வாயில் ஒரு தட்டு தட்டி, பிஸ்கட்டை டப்பாவில் போட்டு மூடிவிட்டேன். மரியாதையும் சேர்ந்தே வரட்டும்.

அம்மா

ஹைதராபாத்
11.8.2002

அம்மாவுக்கு,

போனில் என்றால் கத்திவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

அது "டே" இல்லை அம்மா, "தே". இந்தியில் "கொடு". வைஷாலி மூன்று மாதமாகச் சொல்லிக்கொடுத்த ஒரே வார்த்தை. ரஞ்சு உன்னிடம் கேட்டிருக்கிறாள். கேட்ட வாயில் நீ அடித்திருக்கிறாய்.

அன்றிலிருந்து அவள் உதட்டைக்கூட அசைப்பதில்லையாம். உன்னைக் கண்டாலே கட்டிலுக்கடியில் போய்விடுகிறாளாம். உன் மாப்பிள்ளை ஜெயந்த்தான் சொன்னார்.

ஜம்பு மாமா இருபதாம் தேதி பூனாவிலிருந்து நம்ம கோயம்புத்தூருக்குப் போகிறார். உனக்கும் டிக்கெட் எடுக்கச் சொல்லிவிட்டேன். குழந்தைக்குப் பயம் தெளியணும்.

பார்கவி

பாணேர், பூனா
18.8.2002

பார்கவிக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவளுக்கு அது அரைநாள் வேலை.

வைஷாலியிடம் நானே போய், என் வாயில் தட்டிக் காட்டி, "மைனே மாரா" என்றேன். நான்தான் அடித்தேன் என்று அர்த்தம், மாப்பிள்ளை சொல்லிக்கொடுத்தது. அவள் திட்டியிருந்தால் தேவலை. "ஆஜி, இனி நீங்க கேளுங்க, அவ கொடுக்கட்டும்" என்றாளாம். மாப்பிள்ளைதான் தமிழில் சொன்னார்; ஆஜி என்றால் பாட்டியாம்.

நாலு நாளாக டப்பாவைக் கட்டிலுக்கடியில் ரஞ்சு பக்கம் தள்ளிவிட்டு, தரையில் உட்கார்ந்து "தே, தே" என்று கையேந்துகிறேன். இரண்டு நாள் வெளியே வரவே இல்லை. நேற்று டப்பாவை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டாள். இன்று காலை, கடித்த பாதியை என் உள்ளங்கையில் வைத்தாள். வாய் திறக்கவில்லை, முகம் பார்க்கவில்லை. வைத்தாள்.

ஜம்புவைத் தனியாகப் போகச் சொல்லிவிட்டேன். என்னை அனுப்புவதானால் நீ வந்து முகத்துக்கு நேரே சொல். காகிதத்தில் சொன்னால் போகமாட்டேன்.

குழந்தை எழுந்துவிட்டாள். போய்க் கை நீட்டணும்.

வேதநாயகி