வெறும் வயிற்றில் ஒரு குளிசை

9 பெப்ரவரி 2025
முனீப் இன்று பச்சைத் தேயிலைச் சத்துக் குளிசைப் போத்தலோடு வந்தான். "அன்டிஒக்சிடன்ட், மதினி. உடம்புத் துருவெல்லாம் போயிரும்." உடம்பென்ன, துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும் பழைய கப்பலா? ஆனால் அங்கே கிரேன் ஓட்டுகிற அவன் அண்ணன், என் அருமைக் கணவர் தாஹிர், நம்பிவிட்டார். இவருடைய வாப்பா ஐம்பது வயதில் மாரடைப்பில் மௌத்தானவர். இவருக்கும் இந்த வருடம் ஐம்பது.

12 பெப்ரவரி
உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கும் மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்கமாட்டார். நானே சொன்னேன். தேயிலைச் சத்தான பொலிபினோலில் கொஞ்சம்தான் சிறுகுடலில் உறிஞ்சப்படும். அதையும் ஈரல் உருமாற்றி வெளியே தள்ளும். மிச்சம் பெருங்குடல் பக்டீரியாவுக்கு. "உள்ளுக்கு ஒண்டும் நிக்காது. நீங்க கக்கூசுக்குத்தான் சத்துக் குடுக்கிறீங்க." முகம் சுருங்கிப் போனது. எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

2 மார்ச்
முதல் நோன்பு. நோன்பு திறக்கையில் பேரீச்சம்பழத்துக்கும் முன்னால் குளிசை! வெறும் வயிற்றில்தான் நன்றாகப் பிடிக்குமாம். சொன்னவர் விஞ்ஞானி முனீப், போன வருடம் வரை ஃபோன் கவர் விற்றவர். நான் கஞ்சியை ஊற்றினேன்.

17 மார்ச்
கஞ்சி வேண்டாமாம், ஓங்காளமாம். நோன்புக் களைப்பாம். குளிசை மட்டும் இறங்குகிறது.

23 மார்ச்
கண் மஞ்சள். லைட் வெளிச்சம் என்று நினைத்தேன். இல்லை. ஆஸ்பத்திரியில் வாட்டில் படுக்க வைத்து மறித்துவிட்டார்கள்.

24 மார்ச்
வெறும் வயிற்றில் போட்டால் இந்தச் சத்து இரத்தத்தில் பல மடங்கு ஏறுமாம், ஈரலைத் தாக்குமாம். டொக்டர் இவரிடம் ஒரு நாளைக்கு எத்தனை போட்டீர்கள் என்று கேட்டார். "நாலு." போத்தலில் ஒன்று என்று இருக்கிறது!
டொக்டர் போனதும் கத்திவிட்டேன். அறிவில்லையா உங்களுக்கு?
"ஒண்டும் உள்ளுக்கு நிக்காதெண்டு நீங்கதானே சொன்னீங்க, புள்ள. கூட்டிப் போட்டாக் கொஞ்சமாவது நிக்குமெண்டு..."
யா அல்லாஹ். இந்த மனிசன் என்ர கதையையும் நம்பியிருக்கு.

31 மார்ச்
பெருநாள், வாட்டில். முனீப் வட்டிலப்பத்தோடு வந்து வாசலிலேயே நின்றான். திட்ட நிறைய வைத்திருந்தேன். அவன் உட்காரக் கதிரையை இழுத்துப் போட்டேன்.

26 ஏப்ரல்
ஈரல் தப்பியது, இரத்தப் பரிசோதனை நல்லது. மாலையில் வீட்டில் வெறும் தேத்தண்ணீர் கொடுத்தேன். கோப்பையைப் பிடித்துக்கொண்டு, "இது குடிக்கலாமா, புள்ள?" என்றார். வாயில் வந்த நக்கலை விழுங்கினேன். "ஓம். ஒரு கோப்பை" என்று சொல்லி, குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் இருந்தேன்.